தாங்கு வளையம்

சுத்தியல் சுவரைத் தொட்டுவிட்டது. சத்தம் மட்டும் சற்றுத் தாமதித்து வந்தது.

அவள் கையை இறக்காமல் அப்படியே நின்றாள். கான்கிரீட்டைத் தட்டித் தட்டிக் காது பழுத்தவள் அவள். நல்ல கான்கிரீட் தட்டிய கணமே 'ணங்' என்று பேசும். உள்ளே பொக்கு விழுந்து வெற்றிடம் இருந்தால் 'தொப்' என்று, வாயைப் பொத்தியவன் முனகுவதுபோலச் சொல்லும். எதுவானாலும் உடனே சொல்லிவிடும். யோசித்துப் பதில் சொல்லும் சுவரை அவள் பார்த்ததில்லை.

மறுபடி தட்டினாள். தொட்டது. அப்புறம்தான் கேட்டது. 'தொப்.'

அவள் நின்றிருந்தது அணு உலைக்கு நேர் கீழே இருந்த வட்ட நடைபாதையில். தலைக்கு மேலே உலையின் எஃகுக் கலம் ஒரு கனத்த கான்கிரீட் வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, கிணற்று உறைமேல் அண்டாவைத் தூக்கி வைத்ததுபோல. அந்த வளையத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி வர, இரண்டு பேர் உரசாமல் கடக்க முடியாத அகலத்தில் இந்த நடை. உலை ஓடும்போது இங்கே யாரும் வர முடியாது. பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கும் நாட்களில் மட்டும் வரலாம். அதுவும் மார்பில் தொங்கும் கதிர்மானி கத்தத் தொடங்கும்வரைதான். ஜன்னல் கிடையாது. மேலே வெயில் காய்கிறது என்பது இங்கே வெறும் வதந்தி. பழைய பச்சைப் பெயின்டுக்கு அடியிலிருந்து சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. நனைந்த சுண்ணாம்பும் சூடேறிய ஒயரும் கலந்த ஒரு வாடை முகமூடியைத் தாண்டி மூக்குக்கு வந்தது. எங்கோ காற்றுக்குழாய்கள் நீளமாக, மூச்சு வாங்காமல், ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள் அவளுடைய மூச்சு மட்டும் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சுவர் முழுக்க முழ அகலக் கட்டங்களாகக் கோடு கிழித்து எண் போட்டிருந்தது. அந்தக் கட்டத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டாள். கதிர்மானி கத்தியது. வெளியே வந்துவிட்டாள்.

அந்த வளையத்தைக் கட்டிய நாளிலிருந்து யாரும் தட்டிப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், அலுவலகத்தில் எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது. வரிசையில் அது கடைசி.

உலைக்கு வயதாகிவிட்டது. மூடுவதா, இன்னும் ஓட்டுவதா என்ற கேள்விக்கு, ஓட்டுவது என்று மேலே முடிவாகியிருந்தது. எதையெல்லாம் முதலில் சோதித்துவிட்டு ஓட்டுவது என்று வரிசை போடுவதுதான் அவள் பிரிவின் வேலை. சோதிக்க வேண்டிய இடங்கள் மலையளவு. சோதிக்கிற ஆட்கள் ஒரு காரில் அடங்கிவிடுவார்கள். ஆகவே மதிப்பெண். முந்தைய சோதனைகளில் எவ்வளவு குறை கண்டார்களோ அவ்வளவு மதிப்பெண். மதிப்பெண் கூடினால் வரிசையில் முன்னே வரும். யாரும் பார்க்காத இடத்துக்கு முந்தைய சோதனை இல்லை. சோதனை இல்லாததால் குறை இல்லை. குறை இல்லாததால் சைபர். சாப்பாட்டுக்கூடத்தின் கூரை ஒழுகுவதைத் தினமும் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்களெல்லாம் புகார் எழுதிப் போட்டார்கள். கூரை முதல் பத்துக்குள் இருந்தது. உலையைத் தாங்குகிற வளையம் அடிமட்டத்தில் கிடந்தது.

இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. பிரிவின் தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'அடுத்த வாரம்' என்றுதான் சொல்வார்கள். கெட்ட மனிதர் அல்ல. எதற்கும் இல்லை என்று சொல்ல மனம் வராததால், எல்லாவற்றுக்கும் அடுத்த வாரம் என்று சொல்லி வைப்பார்.

"சார், யாரும் பார்க்காததாலதான் குறை தெரியல."

"குறை இருந்திருந்தா இத்தனை வருஷத்துல தெரிஞ்சிருக்காதாம்மா?"

"பார்க்காம எப்படி சார் தெரியும்?"

"பார்க்கற அளவுக்கு ஒண்ணும் நடக்கலையே, அதனாலதான் பார்க்கல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அந்த வாக்கியம் எங்கோ இடித்திருக்க வேண்டும். "சரி, வேற வேலையா கீழே போவீங்கல்ல, போற போக்குல ரெண்டு தட்டுத் தட்டிட்டு வாங்க."

அப்படித்தான் அவள் தட்டினாள். தட்டியதும் சுவர் யோசித்துப் பதில் சொன்னது.

"சத்தம் லேட்டா வருதா? எதிரொலியா இருக்கும். எதுக்கும் சாட்சி ஒரு தடவை தட்டட்டும்" என்றார் அடுத்த வாரம்.

அது பிரிவின் சட்டம். ஒருவர் காதில் விழுந்தது குறை ஆகாது. இரண்டாவது ஆள் போய், அதே கட்டத்தில் தட்டி, அதே சத்தத்தைக் கேட்டால்தான் குறை; அப்போதுதான் மதிப்பெண். இரண்டாவதாகத் தட்டுவதற்கென்றே ஒருவன் இருந்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான், மற்றபடி சாட்சி.

மறுநாள் சாட்சி அவளோடு கீழே இறங்கினான். வழியெல்லாம் பேச்சு.

"என்னக்கா, சுவத்துக்குச் சளி பிடிச்சிருக்காமே? கஷாயம் ஏதாச்சும் கொண்டாரட்டுமா?"

"முதல்ல தட்டு. அப்புறம் சிரி."

அவன் வட்டமிட்ட கட்டத்தில் தட்டினான். 'ணங்.' தொட்ட கணமே. அவள் அவன் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கித் தட்டினாள். 'ணங்.' நல்ல, கெட்டியான, இளவயதுக் கான்கிரீட். முகமூடிக்குள் அவள் முகம் சூடேறியது.

"கட்டம் மாறிப்போச்சா அக்கா?"

"என் கையெழுத்துப்பா அது. என் வட்டம்."

"அப்போ காதுல அழுக்கா இருக்கும். விடுங்க, எனக்கும் வரும்." அவன் போய்விட்டான். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. எரிச்சலில், எதையும் எதிர்பாராமல், பக்கத்துக் கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தொட்டது. ஒரு மூச்சு இடைவெளி. 'தொப்.'

திரும்பி அவனைக் கூப்பிட வாய் திறந்தபோது அவளுடைய கதிர்மானி கத்தத் தொடங்கியது.

இதன் முடிவு என்னவென்று அவள் மாலையில்தான் தெரிந்துகொண்டாள். குறை உறுதியாகவில்லை, ஆகவே மதிப்பெண் இல்லை. அதோடு, இதுவரை யாரும் பார்க்காத வளையம் இப்போது பார்க்கப்பட்டுவிட்டது. இவ்வருடம் பார்த்த இடத்தைப் பத்து வருடத்துக்குப் பார்க்கத் தேவையில்லை என்பது இன்னொரு சட்டம். வளையம் வரிசையிலிருந்தே இறங்கிவிட்டது. கடைசிக்கும் கீழே ஒரு இடம் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெறும் வேலையாக இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஆனால் வட்ட நடையின் மறுபக்கத்தில், வளையத்தின் கனத்துக்குள்ளேயே குடைந்து கட்டிய ஒரு சின்ன அறை இருந்தது. மூன்று பக்கமும் வளையத்தின் கான்கிரீட். நான்காவது பக்கம் இரும்புக் கதவு. உள்ளே வடிகால் வால்வுகள். அவற்றில் கசிவு கண்டிருந்தார்கள். குறை உறுதியானதால் வரிசையில் மூன்றாவது இடம். ஷட்டவுன் முடிவதற்குள் வால்வுகளை மாற்ற நான்கு பேர் உள்ளே போகப் போகிறார்கள். அவர்களுடைய ஃபோர்மேன் அவள் கணவர்.

அடுத்த முறை அவள் தனியாகப் போனாள். பெரிய சுத்தியலை விட்டுவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டாள். பொக்கின் விளிம்பைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் மாறும் இடத்தில் ஒரு புள்ளி. மறுபடி தட்ட வேண்டும், மறுபடி புள்ளி. முடிந்ததும் புள்ளிகளைச் சேர்த்தால் பொக்கின் உருவம் வந்துவிடும். பெரும்பாலும் ஒரு அப்பளம் மாதிரி வரும், கோணல்மாணலாக. மேலே வைத்தாள், கீழே வைத்தாள், பக்கவாட்டில் வைத்தாள். சுவருக்கு அத்தனை அருகில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்ததால் முழுசாக என்ன வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோடுகளைச் சேர்த்துவிட்டு, எதிர்ச்சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்னால் நகர்ந்து, டார்ச்சைத் தூக்கினாள்.

தலை இருந்தது. கழுத்து. இரண்டு தோள். இடுப்பு. தரையில் ஊன்றிய இரண்டு கால். வலது கை மேலே தூக்கியிருந்தது.

அவள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அதன் வழியே பொக்கு ஓடும். கம்பி நேராக இருந்தால் பொக்கும் நேராக ஓடும். ஓடி, கிளைவிட்டு, தற்செயலாக ஏதோ ஒரு வடிவில் நிற்கும். மேகத்தில் யானை தெரிவதில்லையா. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறினாள். சொல்லும்போது தன் குரலே தனக்கு அடுத்த வாரத்தின் குரல்போல இருந்தது.

அதற்கடுத்த நாள் அந்தச் சாக்பீஸ் ஆளுக்குள் எங்கே தட்டினாலும் 'ணங்'. அவனுக்கு இடப்பக்கம், வால்வு அறை இருக்கிற திசையில், ஒரு ஆள் அகலம் தள்ளி, தட்டியதும் சத்தம் தாமதித்தது. மறுபடி புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்தாள். அதே தலை. அதே தோள். இப்போது இடது கையும் மேலேறத் தொடங்கியிருந்தது.

கான்கிரீட்டில் குறை வளரும். பிளவு நீளும். துரு பரவும். எதுவும் ஒரு இடத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தை மறுபடி புத்தம்புதிதாக்கிவிட்டு, பக்கத்து இடத்துக்கு நடந்து போகாது.

கூட்டத்தில் அவள் அந்தச் சாக்பீஸ் கோடுகளின் படங்களைக் காட்டினாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இது நீங்களே வரைஞ்சதுதானேம்மா?" என்றார் அடுத்த வாரம்.

"சத்தம் மாறின இடத்துல வரைஞ்சது சார்."

"சாட்சி தட்டிப் பார்த்தானா?"

"அவன் வர்றதுக்குள்ள அது நகர்ந்திடுது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சாட்சி தன் பேனாவை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். 'அடுத்த வாரம்' படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டி நேராக்கி, அவள் பக்கம் தள்ளினார்.

"நகர்ற குறைக்கு எந்தக் கட்டத்துலம்மா மதிப்பெண் போடுறது?"

"மதிப்பெண் வேண்டாம் சார். வால்வு வேலையைத் தள்ளி வைங்க. அது மட்டும் போதும்."

"அது வரிசையில மூணாவது. என் கையில இல்ல." குரல் இறங்கியது. "உங்க வீட்டுக்காரர் அந்த டீம்ல இருக்கார்னு எனக்குத் தெரியும். பயம் இருக்கத்தான் செய்யும். ஒரு ரெண்டு நாள் லீவு போடுங்களேன். அடுத்த வாரம் நிதானமா உட்கார்ந்து பேசலாம்."

அவள் கத்தியிருக்க வேண்டும். மேசையைக் குத்தியிருக்க வேண்டும். எதையும் செய்யாமல் படங்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். நல்ல குறையாக இருந்தால், இருந்த இடத்தில் இருந்திருக்கும். அப்படி ஒரு நினைப்பு வந்து, அதை நினைத்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்தார்.

"ஊர்பட்ட வால்வெல்லாம் என் பேச்சைக் கேட்குது. நம்ம வீட்டுக் குழாய் மட்டும் உன்ன மாதிரி" என்றார் உள்ளேயிருந்து. "என்ன, சத்தத்தையே காணோம்? அடுத்த வாரம்னுட்டாரா?"

"ஆமா."

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க போகாதீங்க."

"நான் போகலேன்னா பசங்க மட்டும் போவாங்க. அது பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க?"

"பொண்டாட்டின்னு நினைப்பேன்." துணியைத் தொட்டி ஓரத்தில் போட்டார். "உன் காதை நான் நம்புறேன். அது உனக்குத் தெரியும். ஆனா நான் நம்புறதுக்கு அந்த வரிசையில மதிப்பெண் கிடையாதே. ஒண்ணு பண்றேன். கதவைச் சாத்தாம வேலை பார்க்கிறோம். ஏதாச்சும் ஒரு மாதிரி இருந்தா அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுறோம். போதுமா?"

போதாது. ஆனால் வேறெதுவும் கிடைக்கவில்லை. அவர் திரும்பி உட்கார்ந்து குழாயை முறுக்கத் தொடங்கியபோது, அவள் பின்னால் நின்று அவருடைய முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்னடி, நான் பொக்கா?"

"இல்ல. கெட்டி."

வால்வு வேலை மதியத்துக்குப் பிறகு தொடங்கியது. அவள் அவர்களுக்கு முன்னாலேயே நடைக்குள் இருக்க நினைத்திருந்தாள். நுழைவாயிலில் அவளுடைய கதிர்மானியை மாற்ற வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். மாற்றித் தருகிற ஆள் சாப்பிடப் போயிருந்தான். அவள் அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே, கண்ணெதிரில் கணவரும் மூன்று பேரும் வெள்ளை உடுப்பில், ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு, படியிறங்குவதைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்த்து, கதவைத் திறப்பதுபோலக் கையால் சைகை காட்டினார்.

கதிர்மானி வந்தது. இறங்கினாள். ஓடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும் படிகளில் ஓடினாள். நடையின் வாசலில் நேரம் பார்க்கிற காவலாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடைக்கு வேறு வழி கிடையாது.

கடைசியாக வரைந்த உருவத்திடம் போய்த் தட்டினாள். 'ணங்.' அடுத்தது. 'ணங்.' இடப்பக்கமாகத் தட்டிக்கொண்டே நடந்தாள். 'ணங்', 'ணங்', 'ணங்'. வளையம் வளைந்தது. வால்வு அறையின் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. சாத்தியிருந்தது.

"ஏன் சாத்தியிருக்கு?" என்று திரும்பிக் கத்தினாள்.

"திறந்து வெச்சா காற்று அலாரம் அடிக்குதும்மா" என்றார் காவலாள், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து. "மேலேருந்து சாத்தச் சொல்லிட்டாங்க."

உள்ளே ஸ்பேனர் சத்தம். கணவரின் குரல். "டேய், இடப்பக்கம் திருப்புடான்னா வலப்பக்கம் திருப்புற. சோத்துக் கையக் கண்டுபிடிக்க உனக்கு மேப் வேணுமா?" சிரிப்பு. மூன்று பேரின் சிரிப்பும் அவருடையதும்.

அவள் கதவு நிலைக்குப் பக்கத்துச் சுவரில் தட்ட சுத்தியலை ஓங்கினாள்.

'தொப்.'

சுத்தியல் இன்னும் சுவரைத் தொடவில்லை.

கை காற்றில் நின்றது. இறக்கவில்லை. ஏற்றவில்லை.

'தொப்.'

கைக்கு அரை முழத்துக்கு அப்பால். சுவருக்குள்ளே. பிறகு அதற்கு இடப்பக்கம். பிறகு நிலைக்கு இன்னும் அருகில். பிறகு நிலைக்கு அந்தப் பக்கம்.

கதவுக்கு உள்ளே சிரிப்பு நின்றது.

அவள் கைப்பிடியில் தொங்கினாள். சுழற்றினாள். கனத்த கதவு. மெதுவாக. இவ்வளவு மெதுவாக. பெயரைச் சொல்லிக் கத்தினாள். வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயர்.

திறந்தது.

விளக்கு எரிந்தது. ஒரு வால்வு பாதி கழன்றிருந்தது. அதன் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனர் தன் கனத்தாலேயே மெல்லக் கீழ்நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. தரையில் எண்ணெய்த் துணி. ஒற்றைக் கையுறை. அதற்குள் சூடு.

ஆள் இல்லை.

மூன்று சுவர். பச்சைப் பெயின்ட். ஒரு கீறல் இல்லை.

அப்போது கதிர்மானிகள் கத்தின. நான்கும். வலது சுவருக்குள்ளிருந்து, தலையணைக்கு அடியில் வைத்ததுபோல, அமுங்கிய குரலில். ஒன்று நின்றது. இன்னொன்று நின்றது. மூன்றாவது. நான்காவது வெகுநேரம் கத்தியது. அவள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். காவலாள் வந்து அவளை இழுத்தபோது அதுவும் நின்றுவிட்டது.

தேடினார்கள். வடிகால் குழிகளில் நீரை இறைத்தார்கள். காற்றுக்குழாய்களுக்குள் கேமரா விட்டார்கள். வால்வு அறைச் சுவர்களைச் சாட்சி தட்டினான். அழுதுகொண்டே தட்டினான். எல்லாம் 'ணங்'. காவலாள் ஒருவரும் வெளியே வரவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் எப்போதாவது கண் அசந்திருப்பார் என்றார்கள் விசாரிக்க வந்தவர்கள். சுவருக்குள் கதிர்மானி கத்தியதை அவள் மட்டும்தான் கேட்டாள். ஒரு காது. உடல் கிடைக்காததால் நான்கு பேரும் இறந்தவர்கள் இல்லை; காணாமல் போனவர்கள். விபத்து என்று ஒன்று நடக்காததால் வளையத்தில் குறை இல்லை. வால்வு அறையைக் கதவு மட்டத்துக்குக் கான்கிரீட் கொட்டி மூடினார்கள். வடிகாலுக்கு வேறு பாதை போட்டார்கள். உலையை மறுபடி ஓட்ட நாள் குறித்தார்கள்.

ஒரு மாலை 'அடுத்த வாரம்' அவள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொண்டு வந்த பழப்பையைக் கீழே வைக்க மறந்து மடியிலேயே வைத்திருந்தார்.

"நீங்க போய் வளையம் முழுக்கத் தட்டிப் பாருங்கம்மா. சாட்சி வேண்டாம். நான் எழுதித் தர்றேன்."

"எப்போ சார்?"

அவர் உதடு அசைந்தது. வழக்கமான வார்த்தை வரவில்லை. "இந்த வாரமே போங்க. அப்புறம் உலைக்குள்ள தண்ணி ஏத்திடுவாங்க. பாரம் ஏறிடும்."

முதல் நாள் அவள் வளையத்தை முழுசாகச் சுற்றினாள். எல்லாப் பக்கமும் 'தொப்' கேட்டது. தாமதமில்லை. முந்துவதும் இல்லை. ஒளிய வேண்டிய அவசியம் முடிந்துவிட்டதுபோல எல்லாம் அதது இடத்தில் நின்றது. புள்ளி வைத்தாள். சேர்த்தாள். ஒரு ஆள். பக்கத்தில் ஒரு ஆள். தோளோடு தோள். வளையம் நெடுக. குள்ளமானவர்கள், உயரமானவர்கள், யார் யாரோ. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டாள். எல்லோருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயிருந்தன. உள்ளங்கை மேல்நோக்கி. கலம் வளையத்தின் மேல் உட்காரும் இடத்தை அந்தக் கைகள் தொட்டிருந்தன.

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவள் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பாரம் எது வழியாகத் தரைக்கு இறங்குகிறது? ஆள்களுக்கு நடுவே இருந்த கான்கிரீட்டைத் தட்டினாள். சத்தமே வரவில்லை. மணல் மூட்டையைத் தட்டியதுபோல இருந்தது. அது எதையும் தாங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

மூடிய வால்வு அறைக்குப் பக்கத்தில் புதியவர்கள் நான்கு பேர். மூன்றாவது ஆளின் இடது தோள் சற்று இறங்கியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பைக்கிலிருந்து விழுந்து ஒடிந்து, கோணலாகக் கூடிய எலும்பு. அந்தத் தோளின் மேல் அவள் தலை வைத்துத் தூங்குவாள். கோட்டை மெதுவாக, அழுத்தமாக, இரண்டு முறை வரைந்தாள். நேராக நின்றிருந்தார். முழங்கால் விறைப்பாக. அவருக்கு எப்போதும் அப்படித்தான் நின்று பழக்கம்.

இன்றைக்கு உலைக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். நடையைப் பூட்டுவதற்கு முன் கடைசி அனுமதி. தலைக்கு மேலே குழாய்களில் நீர் விழும் ஓசை கேட்டது. முதலில் தூரத்து மழைபோல. பிறகு கனமாக.

நேரே அவரிடம் போனாள். நேற்றைய கோடு அப்படியே இருந்தது. தோளில் தட்டினாள். 'தொப்.' கோட்டுக்குள்தான். இடுப்பில் தட்டினாள். கோட்டுக்குள்தான். முழங்காலில் தட்டினாள். 'ணங்.'

கோட்டுக்கு ஒரு விரல் வெளியே தட்டினாள். 'தொப்.'

மேலே நீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, சாக்பீஸை அந்த இடத்தில் வைத்து, முழங்காலுக்குப் புதிதாகக் கோடு போடத் தொடங்கினாள்.

கோடு முடிவதற்குள் முழங்கால் அதைத் தாண்டி மடிந்திருந்தது.